தொப்பூர் அடிவாரத்தில் ஒரு கியர் ஹப்

சைக்கிள் கியர் ஹப்பை எப்படிப் பிரிப்பது என்று இதில் நான் எழுதப்போவதில்லை. அதற்குத்தான் உங்கள் கையில் போன் இருக்கிறதே. எந்த நாட்டுக்காரனோ கையுறை மாட்டிக்கொண்டு, மேஜை மேல் வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு வளையமாகக் கழற்றி வரிசையாக வைத்துக் காட்டுகிறான். நானும் பார்த்தேன், அருமையாகத்தான் செய்கிறான். ஆனால் அவன் மேஜைக்கு எதிரே இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாடிக்கையாளர் யாரும் நிற்பதில்லை. நேற்று நீங்கள் செய்த வேலை இன்றைக்கு ஏன் புட்டுக்கொண்டது என்று யாரும் அவனைக் கேட்பதில்லை. நம் மெக்கானிக் தொழிலில் பாதி கஷ்டம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்தான் இருக்கிறது. அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. பதினெட்டு வருஷம் பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் பிட்டராக இருந்தேன். பிறகு அவிநாசி ரோட்டில் சைக்கிள் கடை போட்டேன். போன வருஷம் முட்டி வலி தாங்காமல் கடையை விட்டேன். கோபக்காரன் என்று என்னைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி, சங்கிலிக்குத் தேங்காய் எண்ணெய் விட்டுக்கொண்டு வந்து ‘ஏனுங்க, கடமுடாங்குது’ என்று சொன்னால் எந்த மெக்கானிக்குக்கும் வருகிற கோபம்தான்.

உள்கியர் ஹப் என்பது நம் ஊருக்குப் பழக்கமில்லாத சாமான். சாதாரண கியர் சைக்கிளில் பல்சக்கரங்கள் வெளியில் அடுக்கியிருக்கும், சங்கிலி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும். இதில் பின்சக்கரத்தின் நடுவில், ஒரு டம்ளர் அளவு உருளைக்குள் எட்டு கியரும் ஒளிந்திருக்கும். வெளியே ஒரே சங்கிலி. உள்ளே குட்டிக் குட்டியாகக் கொக்கிகள் உண்டு. மிதிக்கும்போது அவை நிமிர்ந்து பல்லைப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் கால் மட்டும் சுற்றும், வண்டி நகராது. நம் எக்ஸ்போர்ட் முதலாளிமார் சிலர் இந்த மாதிரி வண்டி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை அவிநாசி வரை போய் ரெண்டு நெய்த் தோசை சாப்பிட்டுத் திரும்பி வருவார்கள். அந்த ஓட்டத்துக்கு ஹப் கெட்டுப்போக வழியே இல்லை. அதனால் எனக்கும் இந்த ஹப் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வந்துவிட்டது.

ஒரு ஆடிக் கடைசியில், காலை பத்து மணி இருக்கும், ஒரு அம்மா சைக்கிளை உருட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். முன்னும் பின்னுமாக நான்கு பைகள் கட்டியிருந்தன. வெயிலில் முகம் கறுத்து, மூக்கு நுனியில் தோல் உரிந்திருந்தது. நாற்பத்து நான்கு வயது, தூத்துக்குடியில் ஆஸ்பத்திரி நர்ஸ் என்று அவரே சொன்னார். அவருடைய அக்கா குடும்பம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறது. அவர்களைப் பார்க்க தாராபுரம், பல்லடம் வழியாக வந்தவர் என்றுதான் முதலில் நினைத்தேன்.

எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். இமயமலைக்கு என்றார், டவுன்ஹால் வரைக்கும் போய்வருகிற மாதிரி. மேலே பனி விழுந்து கணவாய்ச் சாலையை மூடுவதற்குள், அதாவது புரட்டாசி முடிவதற்குள், அந்தக் கணவாயின் உச்சியில் நிற்க வேண்டுமாம். சம்பளமில்லாத லீவு மூன்று மாதம். இரண்டு தடவை மறுத்து மூன்றாவது தடவை கிடைத்த லீவு, இன்னொரு தடவை கிடைக்காது. வார்டில் கூட வேலை பார்க்கிறவர்கள், இவர் மதுரையைத் தாண்ட மாட்டார் என்று அடித்துச் சொல்லியிருக்கிறார்கள். ‘மதுரையத் தாண்டியாச்சுல்லா’ என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தபோது, எனக்கு ஏனோ எழுந்து நிற்க வேண்டும் போல இருந்தது.

வண்டி ஒரு வெளிநாட்டுக்காரர் தன் பயணத்தை முடித்துக்கொண்டு விற்றுவிட்டுப் போனது. அதனால்தான் அவரிடம் இந்த ஹப். திண்டுக்கல்லிலிருந்து நாலாவது, ஐந்தாவது கியரில் கால் சறுக்குகிறது. இதைச் சொல்லிவிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து என் முன் வைத்தார். அதைப் பார்த்து நான் அசந்துபோனேன். எந்த கியரில் சறுக்கியது, ஏற்றமா சமதளமா, காலையா மதியமா, எத்தனை தடவை, அதற்கு முன்னால் என்ன சத்தம் கேட்டது, எல்லாம் தேதிவாரியாக எழுதியிருந்தார். இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் வந்து ‘என்னமோ பண்ணுதுங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டு வாட்ச்சைப் பார்த்திருக்கிறார்கள். அந்த நோட்டு ஒன்றே பாதி வேலையை முடித்துவிட்டது. காலையில் அதிகம் சறுக்கி, வெயில் ஏற ஏறக் குறைகிறது என்றால் உள்ளே கிரீஸ் இறுகிக் கொக்கி சோம்பிக் கிடக்கிறது என்று அர்த்தம்.

ஆனாலும் நேராக ஹப்பில் கை வைக்கவில்லை. அதுவரைக்கும் நான் ஒழுங்காகத்தான் இருந்தேன். கேபிள் இழுவை சரியாக இருக்கிறதா, ஹப்பின் மேலுள்ள இரண்டு மஞ்சள் கோடுகளும் நேருக்கு நேர் நிற்கின்றனவா, அச்சு நட்டு தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். ஹப் கோளாறு என்று வருகிற பத்தில் பெரும்பாலானது ஹப்புக்கு வெளியேதான் இருக்கும். வெளியில் எல்லாம் சரி என்று தெரிந்த பிறகுதான் பிரித்தேன். நினைத்தது போலவே பழைய கிரீஸ் மெழுகாக உறைந்திருந்தது. கழுவித் துடைத்து, கொக்கிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். எல்லாம் உயிரோடு இருந்தன.

இப்போது என் புத்திசாலித்தனத்துக்கு வருகிறேன். திருப்பூரில் ஒரு பழக்கம் உண்டு. கதவு கீச்சிட்டால், பேன் முனகினால், தையல் மெஷின் இறுகினால், கத்தரி ஓடாவிட்டால், எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய். நிட்டிங் ஆயில். எந்த வீட்டில் கேட்டாலும் ஜன்னல் ஓரத்தில் ஒரு பாட்டிலில் இருக்கும். தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும், பிசுக்கு இல்லை, நாற்றம் இல்லை, துணியில் பட்டாலும் கறை இல்லை. பதினெட்டு வருஷம் அதில் கை நனைத்தவன் நான். நிமிஷத்துக்கு எத்தனையோ தடவை ஏறி இறங்கும் ஊசியையே காப்பாற்றுகிற எண்ணெய், இந்தச் சின்னக் கொக்கிகளைக் காப்பாற்றாதா என்று நினைத்தேன். கடைக்கு வரும் நான்கைந்து உள்கியர் வண்டிகளுக்கும் அதைத்தான் விட்டிருந்தேன். ஒரு புகாரும் வந்ததில்லை. எப்படி வரும், அவையெல்லாம் நெய்த் தோசைக்குப் போகிற வண்டிகள்.

ஹப்பை மூடிச் சக்கரத்தைச் சுற்றியபோது எட்டு கியரும் பட்டுப் பட்டென்று விழுந்தன. அந்த அம்மா கடை முன்னால் இரண்டு வட்டம் ஓட்டிப் பார்த்துவிட்டு, புது வண்டி மாதிரி இருக்கிறது என்றார். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் வேடிக்கை பார்க்க, ‘இமயமலை வரைக்கும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லீங்க அம்மிணி’ என்று சொல்லி அனுப்பினேன். ஊத்துக்குளி, ஈரோடு, பவானி வழியாக மேட்டூர் போய், அங்கிருந்து தொப்பூர் ஏறித் தர்மபுரி போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது.

இரண்டு நாள் கழித்துக் காலையில் போன் வந்தது. கை முழுக்க கிரீஸ், அதனால் ஸ்பீக்கரில் போட்டுப் பெஞ்சின் மேல் வைத்தேன். கடையில் மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் பெரிய எக்ஸ்போர்ட் முதலாளி. திருப்பூரிலேயே ஹப் தெரிந்த ஆள் இவர் ஒருத்தர்தான் என்று ஊரெல்லாம் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டு திரிகிற மனிதர். அவருடைய வண்டியையும் நான்தான் பார்த்திருந்தேன்.

தொப்பூர் அடிவாரத்தில் ஒரு டீக்கடையில் நிற்பதாக அந்த அம்மா சொன்னார். குரலில் பதற்றம் இல்லை. நோட்டைப் பார்த்துத்தான் படிக்கிறார் என்று தெரிந்தது. ஈரோடு தாண்டியதிலிருந்து மழை. நேற்று மதியம் அம்மாபேட்டைக்கு அப்பால் ஒரு தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடியது, அச்சு முழுகும் வரை உருட்டிக்கொண்டு கடந்தார். இன்று காலை மேச்சேரி தாண்டியதும் மூன்றாவது கியர் சறுக்கியது, பிறகு எல்லா கியரும். அச்சு ஓரத்தில் வெள்ளையாக ஏதோ கசிகிறது. மூன்று வரியில் முழு வரலாறும் வந்துவிட்டது.

வெள்ளையாகக் கசிகிறது என்றதுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பதினெட்டு வருஷம் பிட்டராக இருந்தவனுக்கு அது தெரியாமலா போகும்? நிட்டிங் ஆயிலின் பெருமையே அது தண்ணீரில் கரைந்து போவதுதான். துணி சாயப்பட்டறைக்குப் போகும்போது எண்ணெய்க் கறை முழுவதும் அலசலில் போய்விட வேண்டும், அதற்கென்றே செய்த எண்ணெய். கறை படாது, கறை படாது என்று கொண்டாடினேனே தவிர, ஏன் படாது என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. அந்த அம்மாவின் ஹப்பை நான் எண்ணெயால் காப்பாற்றவில்லை, மழையில் அலசிவிடுவதற்குத் தயார் பண்ணி அனுப்பியிருக்கிறேன். இந்த ஊரில் பிழைத்தவன் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம் இது.

ஆனால் வாயைத் திறந்தபோது வந்தது வேறு. கேபிளைப் பாருங்கள் என்றேன். பார்த்தாகிவிட்டது, கோடு நேராக நிற்கிறது என்றார். பழைய ஹப், தண்ணீரில் முழுகினால் இப்படித்தான் என்றேன். அதுவும் பொய் இல்லை. இப்படிப் பொய் இல்லாத வார்த்தையாகப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசுவது ரொம்ப சுலபம் கண்ணுகளா. தெரியாத ஆளுக்குக் கூட அது தானாக வந்துவிடும். முதலாளியும் பெஞ்சைப் பார்த்துத் தலையாட்டினார், ஆமாம், பழைய சாமான்தானே என்கிற மாதிரி.

அப்போதுதான் அந்த அம்மா கேட்டார்.

“அண்ணாச்சி, உள்ள என்ன ஊத்துனிய?”

அவர் என்னைக் குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. அதுதான் என்னை இன்னும் குன்ற வைத்தது.

“கோவத்துல கேக்கல அண்ணாச்சி. முன்னால என்ன மருந்து குடுத்தோம்னு தெரிஞ்சாத்தான் அடுத்த மருந்து குடுக்க முடியும். அதுக்குத்தான் கேக்கேன்.”

கடையில் மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டேன். அந்த அரை நிமிஷத்தில் எனக்குத் தோன்றியதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு வெளியே போய்ப் பேசலாமா என்று யோசித்தேன். நல்ல எண்ணெய்தான் ஊற்றினேன் என்று சொல்லிவிட்டால் யார் சோதிக்கப் போகிறார்கள் என்றும் யோசித்தேன். ஆனால் நல்ல எண்ணெய் என்று நம்பி அவர் இன்னும் பத்து கிலோமீட்டர் மிதித்தால், எண்ணெயே இல்லாத கொக்கிகள் முனை மழுங்கி, பல்லையும் தின்றுவிடும். அதன்பிறகு எந்த ஊர் மெக்கானிக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. அவருடைய பயணம் அந்த டீக்கடை வாசலோடு முடிந்துவிடும். என் மானம் ஒரு பக்கம், அந்த ஹப் ஒரு பக்கம் என்று அப்படியே கண் முன்னால் நின்றது.

“நிட்டிங் மெஷின் ஆயில் ஊத்திப்போட்டனுங்க அம்மிணி. அது தண்ணியில கரையற எண்ணெய். தப்பு எம்மேலதானுங்க. இதுக்கு மேல ஒரு மிதி கூட மிதிக்காதீங்க.”

மறுமுனையில் அவர் நோட்டில் எழுதிக்கொள்வது புரிந்தது, ஏனென்றால் எண்ணெயின் பெயரை இன்னொரு தடவை கேட்டார். யோசித்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

முதலாளி தொண்டையைச் செருமினார்.

“ஏனுங்க, எம்பட வண்டியிலயும் அதேங்களா?”

“ஆமாங்க” என்றேன்.

அவர் தன் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மழை வந்தால் ஓட்ட மாட்டேனுங்க, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரமே வண்டியைக் கோயமுத்தூரில் கொடுத்து சர்வீஸ் பண்ணினார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அந்த எண்ணெய் விட்ட மற்ற வண்டிக்காரர்களையும் அன்றைக்கே கூப்பிட்டுச் சொன்னேன். ஒருவர் அப்புறம் கடைப் பக்கமே வரவில்லை. மற்றவர்கள் வந்தார்கள், கொஞ்சம் நக்கல் அடித்தார்கள், வேலையை வாங்கிக்கொண்டு போனார்கள். நீங்கள் பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் இடிந்து விழாது.

அரை மணி நேரத்தில் அந்த அம்மா மறுபடியும் கூப்பிட்டார். பெங்களூரில் இந்த ஹப் வேலையே செய்கிற ஒருவரை நண்பர்கள் மூலம் பிடித்துப் பேசியிருக்கிறார். வண்டியை லாரியில் அனுப்பு, முன்னால் மூன்று வண்டி வரிசையில் நிற்கிறது, இரண்டு வாரம் ஆகும் என்று அவர் சொல்லியிருக்கிறார். இரண்டு வாரம் போனால் புரட்டாசிக்குள் மேலே ஏற முடியாது. அப்படியே பஸ் பிடித்து ஊருக்குத் திரும்பிவிடலாம், மதுரையைத் தாண்டியாகிவிட்டது என்று அக்கா போனில் சொன்னாராம். இதையெல்லாம் நிதானமாகச் சொல்லிவிட்டு, நாளைக் காலையில் என்னால் தொப்பூர் வர முடியுமா என்று கேட்டார்.

நான் ஆடிப்போய்விட்டேன். கெடுத்தவனையே எதற்குக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன்.

“உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தருதான அண்ணாச்சி. அதயும் கேட்டதும் சொல்லிட்டிய. புது ஆளுகிட்டப் போனா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.”

கேட்டதும் சொல்லவில்லை, கேபிள், பழைய ஹப் என்று சுற்றி வளைத்துவிட்டுத்தான் சொன்னேன். அது அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் அப்படிச் சொன்னார். இப்படி ஒரு மனுஷி வார்டில் இருந்தால் நோயாளிக்குப் பயம் தெளிந்தே பாதி நோய் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் விடிவதற்குள் சேலம் பஸ் ஏறினேன். பையில் ஸ்பேனர் சாவிகள், மண்ணெண்ணெய், காரின் கியர் பெட்டிக்கு ஊற்றுகிற எண்ணெய், பேரிங்குக்கு நல்ல கிரீஸ், மிக மெல்லிய உப்புத்தாள். சேலத்தில் தர்மபுரி பஸ் மாறி, ஒன்பதரை மணிக்குத் தொப்பூரில் இறங்கினேன். டீக்கடைக்காரர் ஒரு மேஜையையே காலி பண்ணிக் கொடுத்திருந்தார். அதன் மேல் ஆஸ்பத்திரியில் விரிப்பது போல மடிப்புக் கலையாத பச்சைத் துணி. பக்கத்தில் அந்த அம்மா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார். நான் சாவியை எடுத்ததும் கையை நீட்டினார்.

“நான் பிரிக்குதேன். நீங்க பக்கத்துல நின்னு சொல்லுங்க, கைய மட்டும் வைக்காதிய. மேல போயி தண்ணி புகுந்தா அங்கன உங்கள எங்க தேடுவேன்?”

நானாக இருந்தால், என் வண்டியைக் கெடுத்தவனைக் கண்டதும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவருக்கு அதற்கு நேரமே இல்லை. மேலே போய் என்ன ஆகும் என்பதில்தான் புத்தி முழுவதும் இருந்தது.

பிரித்தார். உள்ளே இருந்து நீர்மோர் மாதிரி வெளுத்த தண்ணீர் கொட்டியது. கொக்கிகளின் மேல் செம்மண் தூவியது போல மெல்லிய துரு. ஒவ்வொன்றாக அவர் எடுத்து வெளிச்சத்தில் பிடிக்க, நான் பார்த்தேன். முனைகள் மழுங்கவில்லை. நேற்றுக் காலை அந்த ஒரு போனோடு அவர் மிதிப்பதை நிறுத்தியதால் பிழைத்தன. உப்புத்தாளால் துருவை எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, காய வைத்து, புது எண்ணெயில் முக்கி எடுத்தார். எது எதற்கு அடுத்தது என்று ஒவ்வொன்றையும் நோட்டில் படமாக வரைந்துகொண்டார். காலம் பூரா ஊசி போட்ட விரல்கள், ஒரு வளையம் கூடக் கீழே விழவில்லை.

திரும்பக் கோக்கும்போது ஒரு தப்பு நடந்தது. ஒரு வளையத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டு அதன் மேல் கிளிப்பை மாட்டினார். நான் பார்த்துவிட்டேன். வாய் வரை வந்துவிட்டது. கை தானாக மேஜைப் பக்கம் போனது, இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். என் பங்குக்கு ஒரு டீ கேட்டு வாங்கிக் குடித்தேன். இப்போது நான் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் வேலை முடியும், ஆனால் மலை மேல் இதே தப்பு நடந்தால் அதை அவருக்கு யார் சொல்வார்கள்? அத்தனை வருஷத் தொழிலில் பேசாமல் நிற்பது போலக் கஷ்டமான வேலை எனக்கு வாய்த்ததில்லை.

சக்கரத்தை மாட்டிச் சுற்றினார். இறுக்கிப் பிடித்தது. என் முகத்தைப் பார்த்தார், நான் டீ டம்ளரைப் பார்த்தேன். புரிந்துகொண்டார். நோட்டை எடுத்துப் படத்தின் மேல் விரல் வைத்துக் கீழிருந்து மேலாக வந்து, அந்த வளையத்தில் நிறுத்தினார். மறுபடியும் முழுவதையும் பிரித்தார். முக்கால் மணி நேரம் கூடுதலாக ஆனது. இரண்டாவது தடவை சக்கரம் தன் பாட்டுக்குச் சுற்றியபோது டீக்கடைக்காரர்தான் முதலில் கைதட்டினார்.

மணி பன்னிரண்டரை. பைகளைக் கட்டிக்கொண்டார். எதிரே தொப்பூர் ஏற்றம், லாரிகளே முக்கிக்கொண்டு போகிற சாலை. மன்னிச்சுக்கோங்க என்று ஆரம்பித்தேன். அவர் அதற்குள் தலைக்கவசத்தை மாட்டிவிட்டார்.

“நடுவுல சறுக்குச்சுன்னா உருட்டிக்கிட்டுத் திரும்பி வாரேன். சறுக்கலன்னா வர மாட்டேன் அண்ணாச்சி. நீங்க ஊருக்குப் போங்க.”

நான் போகவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி ஆனது, இரண்டு மணி ஆனது. மேலிருந்து ஏதாவது சைக்கிள் வருகிற மாதிரி தெரிந்தால் எழுந்து நின்று பார்த்தேன். ஒரு பால்காரர் வந்தார், ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை வந்தது. மூன்று மணி வரை இருந்தேன். அந்த அம்மா வரவில்லை. ஒருவருக்காகக் காத்திருந்து, அவர் வராததற்காக அப்படி சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். சேலம் பஸ்ஸில் உட்கார்ந்து பைத்தியக்காரன் மாதிரி தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். எண்ணெயைப் பற்றி அல்ல. எந்த எண்ணெய் எதற்கு என்று போனில் தேடினால் தெரிந்துவிடும். வேலை கெட்டுப்போய் வாடிக்கையாளர் கேள்வி கேட்கிறபோது, நீங்கள் சொல்கிற பதிலும் பழுது பார்ப்பதில் ஒரு பகுதி. அதை மறைத்தால் மரியாதை போகுமோ இல்லையோ, அடுத்து கை வைக்கிறவன் தப்பான இடத்தில் தேடுவான், சாமான் வீணாகும். மானத்தை அப்புறம் சம்பாதித்துக்கொள்ளலாம். மழுங்கின கொக்கியை எதைக் கொடுத்தும் கூராக்க முடியாது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எந்த மெக்கானிக்கும் இல்லை. தொப்பூரில் ஸ்பேனர் பிடிக்கிற வரை ஹப்பின் உள்ளே எப்படி இருக்கும் என்றே பார்த்திராத ஒரு நர்ஸம்மா.

அதற்குப் பிறகு பல நாள் அவரிடமிருந்து தகவல் இல்லை. நானாகக் கூப்பிட எனக்குக் கூச்சமாக இருந்தது. எதையாவது கேட்டு, வண்டி நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமை, பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்து அப்போதுதான் கடையைத் திறந்திருந்தேன், போன் அடித்தது. காற்று உறுமுகிற சத்தம் தவிர முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவர் குரல் வந்தது. நடுவில் இரண்டு தடவை ஹப்புக்குள் தண்ணீர் புகுந்ததாகவும், இரண்டு தடவையும் வழியில் தானே பிரித்துக் கழுவிப் பூட்டியதாகவும், ஒரு தடவை கிளிப் ஒன்று புல்லுக்குள் விழுந்து அரை நாள் தேடியதாகவும் மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். இப்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

“வண்டியக் கேக்கியளா, என்னயக் கேக்கியளா?”

“ரெண்டு பேரையுந்தானுங்க.”

“ரெண்டு பேரும் உச்சியில நிக்கோம் அண்ணாச்சி. இதுக்கு மேல ஏத்தம் இல்ல.”